அறுபது மல்டிமீட்டர்

போன வாரம் சித்தி பொண்ணு ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தா. இஞ்சினியரிங் ரெண்டாவது வருஷம் படிக்கறா. "அண்ணா, கேம்பஸ்ல மூணு வேலை போட்டிருக்காங்க, ஒண்ணு லைப்ரரி கவுண்டர், ஒண்ணு ஹோம்வொர்க் திருத்துறது, இன்னொண்ணு எலக்ட்ரானிக்ஸ் லேப் ஸ்டோர்ல சாமான் எடுத்துக் குடுக்கறது, சம்பளம் மூணுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், எதுக்கு அப்ளை பண்ணட்டும்?" அவ்ளோதான் கேள்வி. ரெண்டு வரில பதில் போட்டுட்டு தூங்கலாம்னு ஆரம்பிச்சேன், டைப் பண்ணப் பண்ண அது பாட்டுக்கு நீண்டுக்கிட்டே போச்சு, அவ ஒருத்திக்கு அனுப்பறதுக்கு பதிலா இங்கயே போட்டுடறேன்.

நான் படிக்கும்போது நாலு வருஷத்துல நாலு வேலை பாத்தேன். முதல் வருஷம் கம்ப்யூட்டர் ஹெல்ப் டெஸ்க், அப்புறம் ரெண்டு வருஷம் லேப் ஸ்டோர், அதுக்கு நடுவுலயே மூணு செமஸ்டர் பேப்பர் திருத்துனது, கடைசி வருஷம் ஒரு ப்ரொஃபசர் கிட்ட ரிசர்ச் அசிஸ்டன்ட். கேக்கறதுக்கு வரிசையா படி ஏறுன மாதிரி இருக்கும், ரெஸ்யூமேலயும் அப்படித்தான் போட்டிருந்தேன். ஆனா உண்மையில நான் இஞ்சினியரிங் கத்துக்கிட்டது அதுல எந்த வேலைலன்னு கேட்டா, யாரும் மதிக்காத அந்த ரெண்டாவது வேலைலதான்.

ஹெல்ப் டெஸ்க் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணுமில்ல. பாஸ்வேர்ட் மறந்துட்டேன்னு வருவாங்க, பிரிண்டர்ல பேப்பர் சிக்கிடுச்சுன்னு வருவாங்க, மீதி நேரம் உக்காந்து படிக்கலாம். லைப்ரரி கவுண்டரும் இதே ரகம்தான். நான் இதைக் குறைச்சு சொல்லல, கைக்கு காசும் வேணும் படிக்க நேரமும் வேணும்னா இந்த மாதிரி உக்கார்ற வேலை வரப்பிரசாதம், குறிப்பா முதல் வருஷம் கால்குலஸ் கழுத்தை நெரிச்சுட்டு இருக்கும்போது. ஆனா ஒரு செமஸ்டர் முடிஞ்சதும் எனக்கு ஒண்ணு தோணுச்சு, இங்க நான் என் நேரத்தை மட்டும்தான் விக்கறேன், திரும்பி என் கைக்கு வர்றது காசு மட்டும்தான்.

லேப் ஸ்டோர் வேலைக்கு இன்டர்வியூன்னு பெருசா எதுவும் கிடையாது. லேப் இன்சார்ஜ் ஒரு ரெசிஸ்டரை கைல குடுத்து இது எவ்ளோன்னு கேட்டாரு, நான் அது மேல மதிப்பைக் குறிக்கற கலர் பட்டைகளைப் பாத்து பத்து கிலோ ஓம்னேன், "மீட்டர் வச்சுப் பாத்து சொல்லு"ன்னாரு, வச்சேன், ஒரு கிலோ ஓம். மூணாவது பட்டை சிவப்பு, எனக்கு அந்த டியூப்லைட் வெளிச்சத்துல ஆரஞ்சா தெரிஞ்சிருக்கு. போச்சுடான்னு நினைச்சேன். அவரு சிரிச்சுட்டு திங்கக்கிழமை வந்துடுன்னாரு. அவருக்கு வேண்டியிருந்தது கலர் கோட் மனப்பாடமா தெரிஞ்சவன் இல்ல, அளந்து பாருன்னா உடனே அளந்து பாக்கறவன். இது எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆச்சு.

வேலை என்னன்னா, லேப் தொடங்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு டேபிளுக்கும் சாமான் எடுத்து வைக்கணும், முடிஞ்சதும் எண்ணி திருப்பி வாங்கணும், ரிப்பேரானதை தனி டப்பால போடணும், நேரம் கிடைக்கும்போது அதை சரி பண்ணணும். மொத்தம் அறுபது மல்டிமீட்டர், வோல்டேஜ், கரன்ட், ரெசிஸ்டன்ஸ் எல்லாம் அளக்கற கையடக்க மீட்டர். ஒவ்வொண்ணுலயும் பெயின்ட்ல நம்பர் எழுதியிருக்கும். சாயங்காலம் அறுபதும் அலமாரிக்குள்ள வந்தாத்தான் கதவைப் பூட்டலாம், ஒண்ணு குறைஞ்சாலும் தேடணும். நான் அந்த ரெண்டு வருஷத்துல எத்தனை பேரை காரிடார்ல துரத்திப் போய் "ஹலோ, நாப்பத்தி மூணு உன் பைல இருக்கு"ன்னு கத்தியிருப்பேன்னு கணக்கே இல்ல.

முதல் வாரமே எனக்கு புரியாத விஷயம், ஏன் இவ்ளோ மீட்டர்ல ஃப்யூஸ் போகுதுங்கறது. அறுபதுல பதினஞ்சு இருவது எப்பவும் கரன்ட் அளக்க முடியாத நிலைமைல இருக்கும். ஒரு நாள் லேப் நடக்கும்போதே போய் நின்னு பாத்தேன். பையன் கரன்ட் அளக்கணும்னு ப்ரோபை கரன்ட் ஓட்டைல சொருகறான், அளந்துட்டான், சரி. அடுத்து வோல்டேஜ் அளக்கணும், டயலை மட்டும் திருப்பறான், ப்ரோபை மாத்தி சொருகல. அப்படியே பவர் சப்ளை ரெண்டு முனைலயும் வைக்கறான். கரன்ட் பக்கம் மீட்டருக்குள்ள ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட இல்லவே இல்லைங்கறதால அது ஒரு கம்பியை வச்சு ஷார்ட் பண்ண மாதிரிதான். ஃப்யூஸ் அவுட். சத்தம் கூட வராது, அதுதான் கொடுமை. அவனுக்கு தெரியாது, வோல்டேஜ் ஒழுங்கா வேலை செய்யுதுன்னு திருப்பிக் குடுத்துட்டுப் போயிடுவான், அடுத்த நாள் வர்ற பொண்ணு கரன்ட் அளந்தா ஜீரோ காட்டும், அவ தன்னோட சர்க்யூட் தப்புன்னு நினைச்சு ரெண்டு மணி நேரம் பிரிச்சுப் பிரிச்சு போடுவா. அம்மீட்டர் சீரீஸ்ல, வோல்ட்மீட்டர் பேரலல்லன்னு நானும் ஸ்கூல்லயே படிச்சவன்தான், பரீட்சைல எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன், ஆனா அது மனசுல உக்காந்தது அந்த சின்ன கண்ணாடி ஃப்யூஸை நூத்துக்கணக்குல மாத்துனப்புறம்தான்.

இதே மாதிரி ஒரு பத்து தப்பு திரும்பத் திரும்ப வரும், வருஷா வருஷம், பேட்ச் மாறினாலும் தப்பு மாறாது. சால்டர் பண்ணாம ஓட்டைல சொருகியே சர்க்யூட் போடற பிரெட்போர்டுல மேல கீழ ஓடுற பவர் லைன் பல போர்டுல நடுவுல விட்டுப் போயிருக்கும், கோடு கூட பாதியில நிக்கும், ஆனா யாரும் கவனிக்க மாட்டாங்க, பாதி சர்க்யூட்டுக்கு பவரே போகாது. சிக்னல் குடுக்கற ஃபங்ஷன் ஜெனரேட்டர்ல ஒரு வோல்ட் வச்சா, அந்த சிக்னலைத் திரைல வரைஞ்சு காட்டற ஆசிலோஸ்கோப்ல ரெண்டு வோல்ட் காட்டுதுன்னு வருவாங்க, மெஷின் கெட்டுப்போச்சுன்னு சத்தியம் பண்ணுவாங்க. மெஷின் கெடல, அது வெளிய அம்பது ஓம் லோட் இருக்கும்னு நினைச்சுக்கிட்டு கணக்கு காட்டுது, நீங்க மாட்டுனது மெகா ஓம் கணக்குல இருக்கற ஸ்கோப், அதனால ரெண்டு மடங்கு வருது. மெனுல ஒரு செட்டிங் மாத்துனா போதும். ஸ்கோப் ப்ரோப் சிக்னலைப் பத்துல ஒரு பங்கா குறைக்கற பத்து மடங்கு செட்டிங்ல இருக்கும், ஸ்கோப் ஒரு மடங்குல இருக்கும், ரீடிங் பத்துல ஒரு பங்கு வரும், அதை அப்படியே ரிப்போர்ட்ல எழுதிட்டு "எக்ஸ்பெரிமென்டல் எரர்"னு போட்டுடுவாங்க.

எல்லாத்தையும் விட மோசம் ஸ்கோப்போட கிரவுண்ட் க்ளிப். சாதாரண டேபிள் ஸ்கோப்ல அந்த முதலை வாய் க்ளிப் நேரா சுவத்து பிளக்கோட எர்த்துக்கு போகுது, அதை சர்க்யூட்ல எங்க வேணாலும் மாட்டலாம்னு நினைக்கறது பெரிய தப்பு, மாட்டுன இடத்தை எர்த்தோட கட்டிப் போட்ட மாதிரி. ஒரு தடவை நான் பாத்துட்டு இருக்கும்போதே ஒருத்தன் மாட்டுனான், படார்னு ஒரு சத்தம், லைட்டா கருகல் வாசனை. அவனை விட நான்தான் ரொம்ப பயந்தேன். அன்னைக்கு ராத்திரி ரூமுக்கு போய் எர்த்திங் பத்தி மட்டும் ரெண்டு மணி நேரம் படிச்சேன், பரீட்சைக்கு இல்ல, நாளைக்கு இன்னொருத்தன் அதே இடத்துல மாட்டுவான்ங்கற பயத்துல.

இந்த வேலைல எனக்குக் கஷ்டமா இருந்தது வாயை மூடிட்டு இருக்கறது. தப்பு எங்கன்னு கண்ணுக்கு பளிச்சுன்னு தெரியும், கையை நீட்டி ஒரு வயரை மாத்துனா முடிஞ்சுது, அவனும் நன்றின்னு சொல்லிட்டு போயிடுவான். ஆனா இன்சார்ஜ் முதல் நாளே சொல்லிட்டாரு, "ஸ்டூடண்ட் சர்க்யூட்ல உன் கை படக் கூடாது, வாயால கேள்வி மட்டும் கேளு." அதனால நான் கேக்கறது எப்பவும் மூணே கேள்விதான், பவர் வருதான்னு பாத்தியா, எங்க வச்சு அளந்த, எவ்ளோ வரும்னு நினைச்ச. மூணாவது கேள்விக்கு முக்கால்வாசி பேர் கிட்ட பதிலே இருக்காது. எவ்ளோ வரணும்னு தெரியாம அளந்துட்டு இருப்பாங்க. நானும் அப்படித்தான் அளந்துட்டு இருந்தேன்ங்கறது இந்தக் கேள்வியை மத்தவங்களைக் கேட்டுக் கேட்டுதான் எனக்கே உறைச்சுது.

பக்கத்துலயே மெஷின் ஷாப் இருந்துச்சு, அங்கயும் ஸ்டூடண்ட்ஸ் வேலைக்கு எடுப்பாங்க, என் ரூம்மேட் அங்கதான். அவனுக்கு சம்பளம் கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா ட்ரெயினிங் முடிக்காம உள்ளயே விட மாட்டாங்க. லேத்துல க்ளவுஸ் போடக் கூடாதுன்னு அவன் சொன்னப்போ நான் நம்பல, பாதுகாப்புக்குத்தானே க்ளவுஸ்னு சண்டை போட்டேன். சுத்தற பொருள்ல க்ளவுஸ் நுனி மாட்டுச்சுன்னா கையோட சேத்து இழுத்துக்கும்டா, வெறும் கைன்னா பெரும்பாலும் தோல் கிழியறதோட போகும்னான். லேத்துல பொருளைப் பிடிச்சு சுத்தற பாகம் சக், அதை இறுக்கற சாவி சக் கீ, அதை சக்குலயே விட்டுட்டு மெஷினை ஆன் பண்ணா அது குண்டு மாதிரி பறக்கும், அதனால அவங்க ஷாப்ல கீயை கைல இருந்து கீழ வைக்கற இடம் ஒண்ணுதான், ஸ்டாண்டு. அவன் ரூம்ல கூட சாவியை அதே இடத்துலதான் வைப்பான், பழக்கம் அப்படி ஆயிடுச்சு. 3டி பிரிண்டர் வச்சிருக்கற மேக்கர்ஸ்பேஸ் வேலையும் இப்ப நிறைய கேம்பஸ்ல இருக்கு, ஜாலியா இருக்கும்னு போவாங்க, போனா நாள் பூரா பிளாஸ்டிக் உருகி வர்ற நாசில் அடைச்சா சுத்தம் பண்றதும், பொருள் உருவாகற தட்டை (பெட்) சமமா வைக்கறதும்தான். ஆனா அதுவும் நல்ல வேலைதான்னு சொல்வேன், ஏன்னா அங்கயும் மத்தவங்க டிசைன்ல இருக்கற தப்பு வரிசையா உங்க கண்ணு முன்னாடி வந்து நிக்கும்.

இப்ப திருத்துற வேலை. கிரேடர்னு சொல்வாங்க. பாத்தா சுலபம், ஆன்சர் கீ குடுத்துடுவாங்க, டிக் போட வேண்டியதுதானேன்னு நினைச்சுத்தான் நானும் போனேன். முதல் செட் எண்பது பேப்பர். ஒவ்வொரு பேப்பரா முதல்ல இருந்து கடைசி வரைக்கும் திருத்துனேன், முதல் இருவது பேப்பருக்கு கறாரா, கடைசி இருவதுக்கு சலிச்சுப் போய் தாராளமா. ஒரே தப்புக்கு ஒருத்தனுக்கு ரெண்டு மார்க் போச்சு இன்னொருத்தனுக்கு அரை மார்க் போச்சு, ரெண்டு பேரும் பக்கத்து பக்கத்து ரூம். அடுத்த நாள் ப்ரொஃபசர் கிட்ட வரிசை கட்டி நின்னாங்க. ப்ரொஃபசர் என்னைத் திட்டல, "எல்லா பேப்பர்லயும் முதல் கேள்வியை மட்டும் திருத்து, அப்புறம் பேப்பர் கட்டைக் கலைச்சுட்டு ரெண்டாவது கேள்விக்கு போ, பேரைப் பாக்காத"ன்னாங்க. அவ்ளோதான், பாதி புகார் நின்னுடுச்சு. மீதிப் பாதி, முதல் படில மைனஸ் விட்டுட்டு அதுக்கப்புறம் எல்லாம் சரியா பண்ணவனுக்கு எவ்ளோ குடுக்கறதுங்கற பஞ்சாயத்து. நான் வழிமுறைக்கு மார்க் குடுத்து அந்த ஒரு இடத்துல மட்டும் குறைக்கற கட்சி.

ஆனா ஒரு இடத்துல நான் இரக்கமே காட்ட மாட்டேன். ரெண்டு மீட்டர் நீளமான பீம் நாலு மீட்டர் கீழ வளையுதுன்னு எழுதி கீழ ரெண்டு கோடு போட்டு வச்சிருப்பான். இஞ்சின் எஃபிஷியன்சி நூத்தி முப்பது சதவீதம்னு எழுதிட்டு அடுத்த கேள்விக்கு போயிருப்பா. கணக்குல தப்பு வரும், யாருக்கு வரல, ஆனா வந்த விடையை ஒரு தடவை நிமிந்து பாக்கணுமா வேணாமா. "விடை இப்படி இருக்க முடியாதுன்னு தெரியுது, எங்க தப்புன்னு கண்டுபிடிக்க நேரமில்ல"ன்னு ஒரு பொண்ணு ஓரத்துல எழுதியிருந்தா, அவளுக்கு நான் போட்ட மார்க் சரியா போட்டவங்களை விட ஒண்ணுதான் கம்மி. ப்ரொஃபசர் அதை ஒத்துக்கிட்டாங்க.

திருத்துற வேலைல ஒரு சங்கடமும் உண்டு, முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. ஃப்ரெண்ட்ஸ். "மச்சான், என் பேப்பர் பாத்தியா", "அவ எவ்ளோடா வாங்குனா", இது தொடர்ந்து வரும். அமெரிக்கால ஸ்டூடண்ட் ரெக்கார்டை வெளிய சொல்லக் கூடாதுன்னு 1974ல இருந்து ஃபெடரல் சட்டமே இருக்கு, ஃபெர்பான்னு சொல்வாங்க. சட்டம் இருக்கோ இல்லையோ, ஒரு தடவை வாயைத் திறந்தா வேலையும் போச்சு பேரும் போச்சு. கூடப் படிக்கற க்ளாஸோட பேப்பரை திருத்தவே ஒத்துக்காதீங்க, ஒரு வருஷம் ஜூனியர் கோர்ஸ் கேளுங்க.

இந்த மாதிரி வேலை பாத்துக்கிட்டே படிக்கறதுங்கறது புதுசா ஒண்ணும் வந்ததில்ல, இதுக்கு ஒரு வரலாறே இருக்கு. சின்சினாட்டி யுனிவர்சிட்டில ஹெர்மன் ஷ்னைடர்னு ஒரு இஞ்சினியரிங் ப்ரொஃபசர், 1906ல 27 பசங்களை வச்சு ஒரு ஏற்பாடு தொடங்குனாரு, கொஞ்ச நாள் க்ளாஸ்ல, கொஞ்ச நாள் தொழிற்சாலைல, மாத்தி மாத்தி. க்ளாஸ்ல மட்டும் உக்கார வச்சு இஞ்சினியரை உருவாக்க முடியாதுங்கறது அவரோட வாதம். இன்னைக்கு கோ-ஆப்னு சொல்ற படிப்பு முறை அங்க இருந்து வந்ததுதான், கனடால வாட்டர்லூ 1957ல தொடங்கும்போதே இதை அடிப்படையா வச்சுத்தான் தொடங்குச்சு. அது கேம்பஸுக்கு வெளிய. கேம்பஸுக்குள்ள ரிசர்ச்சுக்கு எம்ஐடில மார்கரெட் மேக்விகார்னு ஒரு ஃபிசிக்ஸ் ப்ரொஃபசர் 1969ல யூராப்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, பேச்சுலர்ஸ் படிக்கற பசங்களே ப்ரொஃபசர் கூட ரிசர்ச் பண்ணலாம், அதுக்கு சம்பளமாவும் வாங்கிக்கலாம் இல்லன்னா படிப்புக்கு கிரெடிட்டாவும் எடுத்துக்கலாம். அதுக்கு முன்னாடி ரிசர்ச்னா பிஎச்டி ஆளுங்க சமாச்சாரம்ங்கற நினைப்புதான் பெரும்பாலும். இப்ப உலகத்துல நிறைய இடத்துல வெவ்வேற பேர்ல இது இருக்கு, உங்க கேம்பஸ்லயும் இருக்கான்னு டிபார்ட்மென்ட் ஆஃபீஸ்ல ஒரு வார்த்தை கேளுங்க, நோட்டீஸ் போர்டுல வராது.

ரிசர்ச் வேலை கிடைச்ச கதைக்கு வர்றேன். முதல்ல பதினோரு ப்ரொஃபசருக்கு ஒரே மெயிலை பேரை மட்டும் மாத்தி அனுப்புனேன், "தங்கள் ஆராய்ச்சியில் எனக்கு மிகுந்த ஆர்வம்" ரக மெயில், நாலு பத்தி. ஒருத்தர் கூட பதில் போடல, போடாதது நியாயம்தான். அப்புறம் லேப் இன்சார்ஜ்தான் சொன்னாரு, மேல மாடில ஹீட் ட்ரான்ஸ்ஃபர் லேப்ல ஒரு பிஎச்டி அக்கா ரெண்டு வாரமா சென்சார் சரியா வரலன்னு மீட்டர் கடன் வாங்கிட்டுப் போறா, போய் என்னன்னு பாருன்னு. போனேன். கே டைப் தெர்மோகப்பிள், ரெண்டு வேற உலோகக் கம்பியை சேத்து வெப்பநிலை அளக்கற சென்சார், பன்னெண்டு சேனல், அதுல மூணு சேனல் மட்டும் வினோதமா இருக்கு, ஹீட்டரை ஏத்த ஏத்த ரீடிங் கீழ போகுது. அக்கா சாஃப்ட்வேர்ல தப்புன்னு நினைச்சு கோடை முழுக்க ரெண்டு தடவை திருப்பி எழுதியிருக்காங்க.

நான் வயரைப் பாத்தேன். மஞ்சளும் சிவப்பும். சிவப்பு பாசிட்டிவ்ல மாட்டியிருந்துச்சு. யாரா இருந்தாலும் அப்படித்தான் மாட்டுவாங்க, பேட்டரில இருந்து எல்லாத்துலயும் சிவப்புன்னா பாசிட்டிவ்னு பழகியாச்சு. ஆனா அமெரிக்க ஸ்டாண்டர்ட் தெர்மோகப்பிள் வயர்ல சிவப்புதான் நெகட்டிவ், மஞ்சள் பாசிட்டிவ். அந்த மூணு சேனலை மட்டும் வேற யாரோ புதுசா மாட்டியிருக்காங்க. ஸ்டோர்ல இதே வயரை கட்டுக்கட்டா பிரிச்சு வச்சவன்ங்கறதால எனக்கு அது தெரிஞ்சிருந்துச்சு, அதுல என் புத்திசாலித்தனம்னு எதுவும் இல்ல. மாத்தி மாட்டுனோம், ஏறுச்சு. அக்கா ஒரு நிமிஷம் எதுவும் பேசல, அப்புறம் ரெண்டு வார டேட்டாவை என்ன பண்றதுன்னு தலைல கை வச்சு உக்காந்துட்டாங்க. அடுத்த வாரம் அவங்க ப்ரொஃபசர் கூப்பிட்டு வாரத்துக்கு பத்து மணி நேரம் வேலை பாக்கறியான்னு கேட்டாரு. மெயிலே போடல.

மெயில் போடாதீங்கன்னு சொல்லல, போடுங்க, ஆனா ஒருத்தருக்கு ஒண்ணு, அஞ்சு வரி. அவங்க செஞ்ச எந்த வேலையைப் படிச்சீங்க, கையால என்ன செய்யத் தெரியும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வர முடியும். சால்டரிங் தெரியும், பைத்தான்ல டேட்டா ப்ளாட் பண்ணத் தெரியும்னு எழுதுறது ஆர்வம்னு எழுதுறதை விட நூறு மடங்கு வேலை செய்யும். பதில் வரலன்னா ஒரு வாரம் கழிச்சு ஒரு தடவை நினைவுபடுத்துங்க, அதுக்கப்புறமும் வரலன்னா அந்த லேப்ல இருக்கற பிஎச்டி ஸ்டூடண்டைப் போய் பாருங்க, உண்மைல ஆள் தேவைப்படறது அவங்களுக்குத்தான். அப்புறம் ரிசர்ச்னா பெருசா கண்டுபிடிக்கப் போறோம்னு நினைச்சுட்டு போகாதீங்க, முதல் மூணு மாசம் நான் செஞ்சது எக்செல்ல காலம் பேரை சரி பண்றதுதான்.

நேரம், காசு பத்தி கொஞ்சம். வாரத்துக்கு எட்டுல இருந்து பத்து மணி நேரம் தாண்டாதீங்க, நான் ஒரு செமஸ்டர் ரெண்டு வேலை சேத்து பதினெட்டு மணி நேரம் பாத்தேன், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல கிடைச்ச கிரேடை இன்னும் வீட்டுக்கு முழுசா சொல்லல. பரீட்சை வாரத்துக்கு லீவு வேணும்னா செமஸ்டர் ஆரம்பத்துலயே தேதியைக் குடுத்துடுங்க, எந்த சூப்பர்வைசரும் இதுக்கு முகம் சுளிக்க மாட்டாங்க, முந்தின நாள் ராத்திரி மெசேஜ் போட்டாத்தான் சுளிப்பாங்க. டைம்ஷீட்டை அன்னன்னைக்கே எழுதுங்க. நான் ஒரு தடவை சப்மிட் பண்ண மறந்து அந்த சம்பளம் அடுத்த சுத்துலதான் வந்துச்சு, நடுவுல ரூம்மேட் கிட்ட கடன்.

அமெரிக்கா போய் பேச்சுலர்ஸ் படிக்கறவங்க நிறைய பேர் இதைக் கேக்கறாங்க, அதனால தனியா சொல்லிடறேன். எஃப்-1ங்கற ஸ்டூடண்ட் விசால இருந்தா க்ளாஸ் நடக்கற காலத்துல கேம்பஸ் வேலை வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல கூடாது, ரெண்டு வேலைன்னா ரெண்டும் சேத்து 20. அது தாண்டுனா விசாக்கே ஆபத்து, ஒரு மணி நேரம்தானேன்னு விளையாடாதீங்க. வேலை லிஸ்ட்ல "வொர்க் ஸ்டடி" மட்டும்னு போட்டிருந்தா அது உங்களுக்கு இல்ல, 1964ல கொண்டுவந்த ஃபெடரல் உதவித் திட்டம் அது, வெளிநாட்டு ஸ்டூடண்ட்ஸுக்கு கிடையாது. அதே மாதிரி அமெரிக்க அரசோட அறிவியல் நிதி அமைப்பான என்எஸ்எஃப் காசுல நடக்கற ஆர்இயுங்கற சம்மர் ரிசர்ச் திட்டமும் அந்த நாட்டு குடிமக்களுக்கும் க்ரீன் கார்ட்காரங்களுக்கும்தான். மனசு உடைய வேண்டாம், ப்ரொஃபசரோட சொந்த ஃபண்ட்ல, டிபார்ட்மென்ட் காசுல எடுக்கற வேலை நிறைய இருக்கு, அதுக்கு இந்த கட்டுப்பாடு பெரும்பாலும் இருக்காது, கேட்டுட்டு அப்ளை பண்ணுங்க.

ரெஸ்யூமேல "லேப் அசிஸ்டன்ட்"னு ஒரு வரி போட்டு விட்டுடாதீங்க. எத்தனை மீட்டர் பாத்துக்கிட்டீங்க, வழக்கமா என்ன ரிப்பேர் வந்துச்சு, அது குறையறதுக்கு என்ன பண்ணீங்க. நான் பண்ணது ரொம்ப சின்ன விஷயம், ஒவ்வொரு மீட்டர்லயும் கரன்ட் ஓட்டை மேல ஒரு சிவப்பு டேப் ஒட்டுனேன், வோல்டேஜ் அளக்கணும்னா அந்த டேப் பக்கம் போகாதேன்னு. ஃப்யூஸ் மாத்தற வேலை பாதிக்கும் கீழ குறைஞ்சுது. வேலைக்கான இன்டர்வியூல என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பத்தி ரெண்டே நிமிஷம்தான் பேசுனாங்க, அந்த டேப் பத்தி கால் மணி நேரம்.

அதனால தங்கச்சி, லேப் ஸ்டோருக்கு அப்ளை பண்ணு. அது கிடைக்கலன்னா திருத்துற வேலை. முதல் செமஸ்டர் மாதிரி படிப்பு கழுத்தைப் பிடிச்சா மட்டும் லைப்ரரி. சாமான் எடுத்துக் குடுக்கற வேலைன்னு நீ எழுதுன தொனியே எனக்குப் புரிஞ்சுது, நானும் அதே தொனிலதான் வீட்ல சொன்னேன்.

கடைசி நாள் சாவியை ஒப்படைக்கப் போனப்போ இன்சார்ஜ் அலமாரியைத் திறந்து வழக்கம்போல எண்ண ஆரம்பிச்சாரு. அம்பத்தி ஒம்பது. மறுபடி எண்ணுனாரு, அம்பத்தி ஒம்பதுதான். நான் டேபிளுக்கு அடியில, ரிப்பேர் டப்பால, ஜன்னல் மேடைல எல்லாம் தேடிட்டு, எந்த முட்டாள் எடுத்துட்டுப் போனான்னு தெரியலயேன்னு வாய் விட்டே சொன்னேன். அவரு எதுவும் பேசாம என் தோள்ல தொங்கிட்டிருந்த பையைப் பாத்தாரு. ஜிப்பைத் திறந்தா பதினேழாம் நம்பர் மீட்டர், முந்தின நாள் ரூம்ல ஃபேன் ரெகுலேட்டரைப் பாக்க எடுத்துட்டுப் போனது, சிவப்பு டேப்போட.